வெர்னாவின் குரல் நார்வேக்குப் போன கதை

ஹால்விக், மினசோட்டா
மான் வேட்டை முடிந்த வாரம்

அன்புள்ள தங்கை மார்லிஸுக்கு,

உன் அண்ணன் ஆர்விட் எழுதுவது. நானும் வெர்னாவும் நலம். அதாவது எங்கள் வயதில் எதை நலம் என்று சொல்வார்களோ அது. நீயும் உன் கணவர் கென்னும், கென்னின் புது இடுப்பெலும்பும் அரிசோனா வெயிலில் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே முதல் பனி விழுந்து, பாதி உருகி, மறுபடி உறைந்து கிடக்கிறது. மோசமில்லை. ஞாயிறுதோறும் வீடியோவில் பார்த்துப் பேசிக்கொள்கிறோமே, பிறகு கடிதம் எதற்கு என்று நினைப்பாய். வீடியோவில் என் பக்கத்தில் வெர்னா உட்கார்ந்திருப்பாள். இது அவள் காதில் விழாமல் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம். அவசரம் ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டு நிதானமாகப் படி.

வெர்னாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவள் மடிக்கணினியில் தட்டுவதும், அது அவளுக்காகப் பேசுவதும் உனக்குத் தெரிந்ததுதான். அந்தப் பழைய குரல் உனக்கு ஞாபகம் இருக்கும். விமானம் தாமதம் என்று அறிவிக்கிற பெண்ணின் குரல். எதைச் சொன்னாலும் ஒரே இனிமை. "குப்பைய இன்னும் வெளிய வெக்கலியா?" என்பதைக்கூட நல்வரவு சொல்வது மாதிரிதான் சொல்லும். நான் அந்தக் குரலுக்கு நன்றாகப் பழகிவிட்டேன். டிவி பார்த்துக்கொண்டே கேட்கலாம், ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

இப்படி எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது, அந்தக் கணினியின் இயங்குதளத்தை விற்ற கம்பெனி திரையில் ஒரு அறிவிப்புப் போட்டது. பழையதை இனி நாங்கள் கவனிக்க மாட்டோம், புதியதற்கு மாறிக்கொள்ளுங்கள், ஆனால் உங்கள் கணினிக்குப் புதியது போடுகிற தகுதி இல்லை என்று. ஓடிக்கொண்டிருக்கிற ஒரு பொருளைத் தூக்கிப் போட நம் குடும்பத்தில் யாருக்கும் கை வராது. என் பனி தள்ளுகிற யந்திரத்தின் வயது உனக்கே தெரியும். அதனால் நூலகத்தில் சனிக்கிழமைகளில் பழைய சாமான்களைப் பழுது பார்த்துக்கொடுக்கிற லோர்னா ஸ்விகமிடம் போனேன். உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தாளே, அவள்தான். அவள் கட்டை விரல் அளவில் ஒரு பென் டிரைவை எடுத்து நீட்டி, "இதுல வேற சிஸ்டம் இருக்கு, ஆர்விட். பழைய மெஷின்லயும் ஜம்முனு ஓடும். எடுத்துட்டுப் போங்க, இலவசம்" என்றாள்.

"இல்ல இல்ல, வேண்டாம்" என்றேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே. அவள் மறுபடி நீட்டினாள். "அட, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றேன். மூன்றாவது முறை நீட்டியபோது, "அப்படின்னா சரி, உங்களுக்குத் தொந்தரவு இல்லேன்னா" என்று வாங்கிக்கொண்டேன். ஆனால் சும்மா வாங்கியது உறுத்தியது. "இத யாரு செஞ்சாங்க? அவங்களுக்கு ஒரு நன்றியாவது சொல்லணுமே?" என்று கேட்டேன். "உலகம் பூரா ஆயிரக்கணக்கான பேர் சேந்து செஞ்சது. நீங்களும் உள்ள தொறந்து பாக்கலாம், மாத்தலாம், அடுத்தவங்களுக்கும் குடுக்கலாம். யாரும் கேக்க மாட்டாங்க" என்றாள். ஓ, நம் கூட்டுறவுப் பால் பண்ணை மாதிரி என்று புரிந்தது. ஆனால் பால் பண்ணையில் யாருக்கு ஒரு தட்டு எலுமிச்சை பார் என்கிற இனிப்பு செய்து கொண்டுபோய்க் கொடுப்பது என்று தெரியும். இங்கே ஆயிரக்கணக்கான பேர் என்றால் வெர்னாவின் அடுப்பு தாங்காது. கடைசியில் ஒரு தட்டை லோர்னாவுக்கே கொடுத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து வெர்னாவிடம் அனுமதி கேட்டேன். "செய். ஆனா என் குரல் பத்திரம்" என்றது விமான நிலையப் பெண். அந்தக் குரலில் நான் கேட்ட கடைசி வாக்கியம் அதுதான், மார்லிஸ்.

பென் டிரைவைச் செருகினேன். "இந்தக் கணினியில் நிறுவலாமா? ஆம், இல்லை" என்று திரை கேட்டது. நான் இயல்பாக "இல்லை" என்பதைத் தட்டினேன். உடனே அது அணைந்துபோனது. மறுபடி போட்டேன். மறுபடி கேட்டது. இரண்டாவது தடவைதானே என்று மறுபடி "இல்லை" என்றேன். மறுபடி அணைந்துபோனது. ஒரு தடவை மறுத்ததும் மறுபடி வற்புறுத்தாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிற ஆளை நான் இந்த மாவட்டத்தில் பார்த்ததில்லை. கணினி என் கையில் இருந்ததால் வெர்னா மளிகைச் சாமான் எழுதுகிற தாளை எடுத்து, "அது இந்த ஊர்க்காரன் இல்ல. ஒரே தடவதான் கேக்கும். ஆமான்னு சொல்லு" என்று எழுதிக் காட்டினாள். எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் முதல் கேள்விக்கே "ஆம்" என்று தட்டினேன். நல்ல வேளை, பக்கத்து வீட்டு ஜன்னல் திரை மூடியிருந்தது.

அடுத்து "உங்கள் மொழி என்ன?" என்று கேட்டது. இப்படி ஒருவர் நம்மைப் பார்த்துக் கேட்டால் நாம் என்ன சொல்வோம்? சர்ச்சில் கேட்டாலும், கடையில் கேட்டாலும், சென்சஸ்காரர் கேட்டாலும், நார்வேயிலிருந்து வந்த குடும்பம், நாம் நார்வீஜியன்தானே? பட்டியலில் இரண்டு நார்வீஜியன் வேறு இருந்தது. ஒன்றுக்கே நம்மிடம் சரக்கு இல்லை. இருந்தாலும் பெருமையாக மேலே இருந்ததைத் தேர்ந்தெடுத்தேன். வெர்னா அப்போது காபி போடப் போயிருந்தாள். அவள் ஜெர்மன் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். பக்கத்தில் இருந்திருந்தால் என்னை அந்தக் கணமே தடுத்திருப்பாள்.

அதற்குப் பிறகு திரை முழுக்க நார்வீஜியன். எனக்குத் தெரிந்ததெல்லாம் சாப்பாட்டு ஜெபமும், பனியில் வழுக்கினால் வாயில் வருவதும்தான். திரையில் அந்த இரண்டுமே வரவில்லை. எது பெரிய பொத்தானோ அதைத் தட்டிக்கொண்டே போனேன். ஒன்றும் வெடிக்கவில்லை. காபி ஆறுவதற்குள் எல்லாம் முடிந்து, அழகான ஒரு ஏரிப் படத்தோடு கணினி எழுந்து உட்கார்ந்தது. நம் ஏரி மாதிரியே இருந்தது. முன்பைவிட வேகமாகவும் ஓடியது. நான் வெர்னாவிடம் கொடுத்து, "ஏதாவது பேசு" என்றேன்.

அவள் தட்டினாள். "ஆர்விட், அந்த யாக்கெட்ட எடுத்து மாட்டு."

மார்லிஸ், நான் எழுந்து ஜாக்கெட்டைக் கொக்கியில் மாட்டினேன். மாட்டிவிட்டு, நகத்தில் அழுக்கு இருக்கிறதா என்று கையைத் திருப்பிப் பார்த்தேன். அப்புறம்தான் பேசியது யார் என்று திரும்பினேன். வெர்னாவும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் மறுபடி மெதுவாகத் தட்டினாள். "யாம் பாட்டில மூடி வெக்கல." நான் ஜாம் பாட்டிலை மூடினேன். கணினி அவள் தட்டிய ஆங்கிலத்தை நார்வீஜியன் என்று நினைத்துக்கொண்டு வாசிக்கிறது. 'ஜ' எல்லாம் 'ய' ஆகிறது, வாக்கியத்தின் கடைசி மாடிப்படி ஏறுகிறது. அது யார் பேச்சு என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மேசையில் முழங்கையை ஊன்றினால்கூட அதட்டுகிற நம் அம்மா போய் எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. இப்போது அவள் என் மனைவியின் கணினியில் உட்கார்ந்துகொண்டு, யூன் மாசமே சாக்கடையைச் சுத்தம் செய்திருக்கலாமே என்கிறாள்.

லோர்னாவைக் கூப்பிட்டேன். அவள் வந்து, திரையில் இருந்த எழுத்தையெல்லாம் ஒரு நொடியில் ஆங்கிலமாக்கிவிட்டாள். குரலையும் பார்த்துவிடுகிறேன் என்று கணினியை எடுத்துக்கொண்டு வெர்னாவோடு சமையலறைக்குப் போனாள். நான் வரவேற்பறையில் மரியாதையாகக் காத்திருந்தேன். உள்ளேயிருந்து வித விதமான குரல் கேட்டது. ஒரு ஸ்காட்லாந்துக்காரன், ஒரு சின்னப் பெண், மூக்கடைத்த ஒரு ஆள். நடுவில் லோர்னா சிரித்த மாதிரியும் இருந்தது. வெகு நேரம் கழித்து வெளியே வந்து, "இதுதான் சரியா வருது, ஆர்விட். அப்படியே விட்டுடலாம்" என்றாள். முகம் சிவந்திருந்தது. பாவம், முடியவில்லையே என்ற வருத்தம்.

அந்த ஆயிரக்கணக்கான பேரில் யாராவது குறையைத் திருத்துவார்கள், எழுதிப் போடுங்கள் என்று நூலகத்தில் இன்னொருவர் சொன்னார். எழுதினேன். அவர்கள் இனாமாகச் செய்துகொடுத்ததற்கு நன்றி சொல்லி, ஏரிப் படத்தைப் பாராட்டி, இங்கே பனி எப்படி என்று சொல்லி, குரல் மோசமில்லை, சற்று வேறு மாதிரி இருக்கிறது, ஆனால் உங்களுக்கு வேலை அதிகம் இருக்கும், சிரமப்பட வேண்டாம் என்று முடித்தேன். போர்ச்சுகலில் இருக்கிற ஒருவர் அன்றைக்கே பதில் போட்டார். உங்கள் அன்பான வார்த்தைகளுக்கு நன்றி, குறை எதுவும் இல்லாததால் இதை முடித்து வைக்கிறோம் என்று எழுதியிருந்தார். நல்ல மனிதர்.

இதற்கிடையில் சர்ச்சின் ஆண்டுக் கூட்டம் வந்தது. சமையலறைக் கூரை ஒழுகுவதும், வெர்னா ஒவ்வொரு வருஷமும் எழுந்து சொல்வதும், ஹார்லன் ப்ரெக்கி தலைவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு "அடுத்த வருசம் பாக்கலாமே" என்பதும் உனக்குத் தெரியும். இந்த வருஷமும் ஹார்லன் அதைச் சொல்லிவிட்டு, காபி குடிக்கப் போகலாம் என்று எழுந்தான். வெர்னா தட்டினாள். "ஹார்லன், உக்காரு."

ஹார்லன் உட்கார்ந்தான். ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவர்களும் ஒரு தடவை எழுந்து மறுபடி உட்கார்ந்தார்கள். அம்மா அந்தச் சமையலறையை ஆண்ட காலத்தில் அங்கே பாத்திரம் கழுவாத ஆள் அந்தக் கூடத்தில் குறைவு. "கூரைய யூலை மாசத்துக்குள்ள சரி பண்ணணும். யாருக்காவது ஆட்சேபண இருக்கா?" என்று கேட்டது குரல். ஒருவருக்கும் இல்லை. கூட்டம் முடிந்ததும் ஹார்லன் தன் காபிக் கோப்பையைத் தானே கழுவித் துடைத்து, கவிழ்த்து வைத்துவிட்டுப் போனான். பாஸ்டர் புது ஆள், அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கூரை விஷயத்தில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் கூட்டம் முடிந்ததும் மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்கள், மார்லிஸ். நான்தான் அந்தக் குரலோடு காரில் ஏறுகிறேன். வேடிக்கையை விட்டுச் சொல்கிறேன். அவளுடைய சொந்தக் குரலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தோம். பிறகு வந்த குரல் முதலில் எனக்கும் பிடிக்கவில்லை. கேட்டுக் கேட்டு அதுவே வெர்னா என்று ஆகிவிட்டது. அதையும் நானே என் கையால் அழித்துவிட்டேன். எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது. சோபாவில் அவள் கையைப் பிடித்துக்கொள்ளலாம் என்று நினைப்பேன். அந்தச் சமயம் பார்த்து அவள் ஏதாவது பேசிவிடுவாள். நான் கையை எடுத்துக்கொண்டு போய்த் தட்டைக் கழுவுவேன். குரல் போனதற்கு அவள் இதுவரை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. இவ்வளவு பெரிய தப்புக்குக் குறை சொல்லாத வெர்னாவை நான் பார்த்ததே இல்லை. உள்ளுக்குள் மனசு ஒடிந்துபோயிருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒரு சின்ன உதவி. உன் மகன் கர்ட்டிஸ் கம்ப்யூட்டர் வேலையில் இருப்பவன்தானே. கிறிஸ்துமஸுக்கு அவன் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், எப்படியாவது அந்தப் பழைய சிஸ்டத்தையே திரும்பப் போட்டு, விமான நிலையப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்டுப் பார். வருவதாக இல்லையென்றால் வேண்டாம். அவன் முடியாது என்றாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். ஆனால் நீ அவனை இன்னும் இரண்டு தடவை கேட்டுப் பார்.

உனக்கும் கென்னுக்கும் நல்ல உடம்பும், வெயில் தணிந்த சாயங்காலங்களும் கிடைக்கட்டும். கர்ட்டிஸுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். வெர்னாவும் தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். இந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

உன் பாசமுள்ள அண்ணன்,
ஆர்விட்

பி.கு.: மார்லிஸ், இது வெர்னா. தபாலில் போடச் சொல்லி உறையை என்னிடமே கொடுத்தான். ஒட்டக்கூட இல்லை. கர்ட்டிஸை அனுப்பாதே. குரலை மாற்ற இரண்டு இடத்தில் தட்டினால் போதும். லோர்னா அன்றைக்கே காட்டிக்கொடுத்தாள். விமான நிலையப் பெண்ணுக்கு ஒன்றுவிட்ட தங்கை போல ஒருத்தி அதற்குள்ளேயே இருக்கிறாள். எல்லாரையும் கேட்டுப் பார்த்துவிட்டு உங்கள் அம்மாவை நான்தான் தேர்ந்தெடுத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு இத்தனை நாள் நான் இனிமையாகப் பேசினேன். உன் அண்ணன் இனிமையாகத் தலையாட்டிவிட்டு டிவி பார்த்தான். இப்போது நான் பேசி முடிக்கும்வரை ஊரே கேட்கிறது. நான் குறை சொல்லாததற்குக் காரணம், குறை எதுவும் மிச்சமில்லை. கையைப் பிடிக்க வந்ததுதான் எனக்குத் தெரியாமல் போயிற்று. இன்றிலிருந்து சோபாவில் உட்கார்ந்தால் கணினியை மூடி வைத்துவிடுகிறேன். அதற்குப் பேச்சு வேண்டியதில்லை. இதையெல்லாம் அவனிடம் சொல்லிவிடாதே. சொல்ல மாட்டாய் என்று தெரியும். போன ஞாயிறு வீடியோவில் நான் "ஹலோ மார்லிஸ்" என்றதும் நீ மேசையிலிருந்து முழங்கையை எடுத்ததை நான் பார்த்தேன்.