பதினோராம் அத்தியாயத்தில் சிரித்தவர்

அச்சகக் கிடங்கில் கணக்கு எழுதும் கணவர் அன்று மாலை துணிந்துவிட்டார். ஆறு மாதமாக மாலை வகுப்பில் வருமான வரி படிக்கிறார். படித்ததை வீட்டில் நடத்திக் காட்டாவிட்டால் அப்புறம் என்ன ஆண்பிள்ளை? மனைவியின் தையல் வரும்படியில் ஒரு பங்கு அரசுக்கு வந்தே தீர வேண்டும். அரசு என்பது அவர்தான். அரசுக்கு ஒரு சாய்வு நாற்காலி தேவைப்பட்டது.

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டுல வரிச் சட்டம் அமல். உன் வருமானத்தை எழுதிக் குடு."

தையல் இயந்திரத்தின் சக்கரம் நிற்கவில்லை. "சட்டம் எனக்கு மட்டுமா, உங்களுக்குமா?"

"எல்லாருக்கும்தான்! சட்டத்துக்கு முன்னால புருஷன் என்ன, பொண்டாட்டி என்ன?" மார்பைத் தட்டிக்கொண்டார்.

யாருடைய சட்டை அளவோ எழுதியிருந்த சீட்டைத் திருப்பி, பின்பக்கத்தில் அவள் எழுதிக் கொடுத்தாள். வரவு: தையல் கூலி. செலவு: நூல், ஊசி, எண்ணெய். என்னை நம்பி வாழ்பவர்: ஒருவர், கணவர். வரி: இல்லை.

அவருக்கு மீசை துடித்தது. "பொய்க் கணக்கு! சோதனை போடுவேன்!"

"போடுங்களேன். நீங்க என் பெட்டியைப் பாருங்க, நான் உங்க அலமாரியைப் பாக்கறேன். சட்டம் பொதுதானே?"

அவர் பெட்டியைக் கவிழ்த்தார். பொத்தான்கள் அறையெங்கும் ஓடின. அவளோ நேரே பாடப்புத்தகத்தை எடுத்துப் பிரித்தாள். பதினோராம் அத்தியாயம்: மறைத்த வருமானம். உள்ளே அவர் ஒளித்துவைத்த ஓவர்டைம் பணம், நாற்காலி விலையில் பாதி, மடிப்புக் கலையாமல்.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"தினமும் அந்த ஒரு பாடத்தைத்தான் பிரிக்கறீங்க. பிரிச்சுப் பிரிச்சுச் சிரிக்கறீங்க. வரிச் சட்டத்தைப் படிச்சு யாராவது சிரிப்பாங்களா?"

பொத்தான்களுக்கு நடுவே மண்டியிட்டிருந்தும் அவர் பணியவில்லை. "மேல்முறையீடு பண்ணுவேன்! ஒரு கை பாக்காம விடமாட்டேன்!"

"தாராளமா. ஆனா வரியையும் அபராதத்தையும் கட்டிட்டுத்தான் மேல்முறையீடு. பதிமூணாம் அத்தியாயம். நீங்க இன்னும் அங்க வரலை."

பணம் தையல் இயந்திரத்தின் இழுப்பறைக்குள் போய்விட்டது.

"கட்டியாச்சு! அதிகாரி யாரு? கூப்பிடு!"

"எங்கம்மா. நாளைக்கு வர்றாங்க, ஒரு மாசம் இருப்பாங்க." சக்கரம் மறுபடி சுற்றியது. "காலையிலேயே போய் நீங்க ஆசைப்பட்ட அந்தச் சாய்வு நாற்காலியை வாங்கிட்டு வந்துடுங்க, மீதியை நான் போடறேன். அவங்க உக்காந்து விசாரிக்கணுமே!"