வெள்ளைக் கொக்குக்குப் பொட்டு வைத்த கதை

நிறையப் படித்தவர்கள் செய்யும் அசட்டுத்தனத்தில் ஒரு முழுமை இருக்கும். ஒன்றும் தெரியாதவர் எதையாவது கெடுத்தால் அரைகுறையாகத்தான் கெடுப்பார். எங்கே கை வைத்தால் மொத்தமும் கவிழும் என்பது அவருக்குத் தெரியாதே! எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்ததோடு நிற்காமல், கை வைக்கும்போதே அதைப் பற்றி ஒரு விளக்கவுரையும் ஆற்றினேன்.

முதலில் நாளைச் சொல்லிவிடுகிறேன். அது வியாழக்கிழமை. என் தம்பி இன்றுவரை வெள்ளி என்று சாதிக்கிறான். வெள்ளியாக இருந்தால் ராசாத்தி அத்தை ஈரத்தலையோடு வந்திருப்பார். அன்று அவர் தலை காய்ந்திருந்தது. ஆகவே வியாழன். (வரலாறு எழுதுகிறவர்கள் கல்வெட்டைத்தான் பார்க்க வேண்டும் என்றில்லை, அத்தையின் கூந்தலையும் பார்க்கலாம்.) சம்பா நாற்று பறிக்கத் தயாராக நின்ற பருவம். ஊருக்கு முதல் எஸ்.டி.டி. பூத் வந்து, பையன்கள் பாதிப் பேர் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய், மீதிப் பேர் பாஸ்போர்ட்டுக்குப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த காலம்.

எங்கள் ஊருக்கும் பூதலூருக்கும் நடுவில், போர்க்காலத்தில் போட்டுக் கைவிட்ட ஒரு ஓடுதளம் இருந்தது. விமானம் இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. எங்களுக்கு அது நெல் காயப்போடும் இடம், அவ்வளவுதான். அதை பெங்களூர் கம்பெனி ஒன்று சில மாதங்களுக்கு வாடகைக்கு எடுத்தது. புதிதாகச் செய்த இரண்டு இருக்கை விமானத்தை அங்கே பறக்கவிட்டுச் சோதிக்கப்போகிறார்களாம். ராணுவத்துக்கு விற்றால் பயிற்சி விமானம், தொட்டியும் குழாயும் மாட்டினால் வயலுக்கு மருந்து அடிக்கும் விமானம். உடம்பு ஒன்று, வேஷம் இரண்டு. வெள்ளையாக, மெலிந்த காலோடு நின்ற அதற்கு வந்த முதல் நாளே ஊர் 'வெள்ளைக் கொக்கு' என்று பெயர் வைத்துவிட்டது.

அந்தக் கம்பெனிக்கு, வானொலியில் விமானி சொல்லும் எண்களைத் தரையில் உட்கார்ந்து எழுத உள்ளூரில் ஒரு ஆள் தேவைப்பட்டது. நான் பி.எஸ்.சி. இயற்பியல். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அப்பா ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்றுப் பறித்தவர், பிறகு குத்தகை, அப்புறம்தான் சொந்தமாகக் கொஞ்சம் நிலம். தஞ்சாவூர் நூலகத்தில் விமானம் சம்பந்தமாக இருந்த புத்தகங்களை எல்லாம் நான் படித்து முடித்திருந்தேன். சிலவற்றை என்னைத் தவிர கரையான் மட்டுமே தொட்டிருந்தது. நேர்காணலில் சோதனை விமானி கேப்டன் தேவராஜ் ஒரு கேள்விதான் கேட்டார். நான் முக்கால் மணி நேரம் பதில் சொன்னேன். அவர் களைத்துப்போய் வேலை கொடுத்தார்.

தற்காலிக வேலைதான். ஆனால் அதிகாரிகள் பார்க்க வரும் அன்றைய பறப்பு நல்லபடியாக முடிந்தால், என்னை பெங்களூரில் நிரந்தரமாக எடுத்துக்கொள்ளச் சிபாரிசு செய்வதாகக் கேப்டன் சொல்லியிருந்தார். வீட்டில் அப்பாவும் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"வேலை நெரந்தரமாச்சுன்னா பெங்களூர் போ, நான் குறுக்க நிக்க மாட்டேன். இல்லேன்னா தையில பாஸ்கரு."

பாஸ்கர் என் தாய்மாமன் மகன். துபாயில் ஏ.சி. மெக்கானிக். நல்லவன்தான். ஆனால் முதல்முறை விமானத்தில் போய்வந்தவனை, எந்த விமானம் என்று ஆவலோடு கேட்டேன். யோசித்துவிட்டு, "வெள்ள கலரு" என்றான். அந்தப் பதிலோடு ஆயுள் முழுதும் குடித்தனம் நடத்த முடியுமா?

ஆக, அந்த வியாழக்கிழமை காலை என் வாழ்க்கை மொத்தமும் அந்தக் கொக்கின் முதுகில் ஏறியிருந்தது. உற்சாகத்தில் எனக்கு இட்லி இறங்கவில்லை. நான்கு ஊர் ஜனம் வரப்பு வழியாக வந்து குவிந்திருந்தது. கல்யாணத்துக்குக் கட்டும் ஒலிபெருக்கியைக் கம்பத்தில் கட்டியிருந்தார்கள். என் மேசையில் இரண்டு மைக். ஒன்று கேப்டனிடம் பேச வானொலி, மற்றது ஜனங்களுக்கு விளக்கம் சொல்ல ஒலிபெருக்கி. கம்பெனியின் பொறியாளர் நாகராஜுக்குத் தமிழ் சுமார் என்பதால், விளக்கமும் என் பொறுப்பு.

ராணுவ அதிகாரிகளும் விவசாய இலாகாக்காரர்களும் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். கேப்டன் விமானத்தைச் சுற்றிவந்து ஒவ்வொரு திருகையும் தொட்டுப் பார்த்துவிட்டு, அவர்களோடு டீ குடிக்கப் போனார். அந்த இடைவெளியில் ராசாத்தி அத்தை, அப்பாவின் தங்கை, கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். கையில் சந்தனக் கிண்ணம், குங்குமம், எலுமிச்சம்பழம்.

"என்னங்க இது அநியாயமா இருக்கு? டிராக்டர் வாங்குனா பொட்டு வைக்கிறோம், மோட்டார் எறக்குனா பொட்டு வைக்கிறோம். இத்தா பெரிய வண்டி, ஆகாசத்துல போவுது, மூளியா நிக்குதே!"

கேப்டன் டீயோடு திரும்பிச் சிரித்தார். "வைங்கம்மா, வைங்க. காத்தாடில கை வைக்காதீங்க. கண்ணாடில பொட்டு வேணாம். மத்தபடி உங்க இஷ்டம். மலர், நீ பாத்துக்க."

நான் பார்த்துக்கொண்டேன். அத்தை கிண்ணத்தை என்னிடம் தந்தார், கம்பெனி ஆள் கையால்தான் வைக்க வேண்டுமாம். சக்கரங்களுக்கு வைத்தேன். வால், இறக்கை, கதவு. ஒவ்வொரு பாகத்தின் பெயரும் பயனும் சொல்லிச் சொல்லி வைத்தேன். கூட்டம் வாய் பிளந்து கேட்டது. எனக்குத் தலை மேகத்தில் இருந்தது.

இடது இறக்கைக்கடியில், பென்சில் பருமனில் ஒரு குழாய் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தது.

"இதென்னடி, ஆணி மாதிரி?" என்றார் அத்தை.

"ஆணி இல்ல அத்தை. இதான் இந்த விமானத்துலயே முக்கியமான எடம். எதிர்க்காத்து இதோ இந்த ஓட்டை வழியா உள்ள போயி அழுத்தும். அத வச்சுத்தான் என்னா வேகத்துல போறோம்னு பைலட்டுக்குத் தெரியும். இது இல்லேன்னா அவரு கண்ணக் கட்டிவிட்ட மாதிரிதான்."

"அம்புட்டு முக்கியமா? அப்ப அதுக்கில்லடி மொதல்ல வச்சிருக்கணும்!"

நியாயமாகப்பட்டது. (சத்தியமாக, அந்த நிமிடம் நியாயமாகத்தான் பட்டது.) நல்ல கெட்டியான சந்தனம். விரல் நிறைய எடுத்து, குழாயின் வாயில் வட்டமாக அப்பினேன். நடுவில் குங்குமம். குழாயின் அடியில் மழைத்தண்ணீர் வடிவதற்காக ஒரு பொடித்துளை உண்டு. அது வருத்தப்படக்கூடாது என்று அதற்கும் ஒன்று.

எலுமிச்சம்பழம் நசுங்கியது. கொக்கு ஓடியது. ஜனம் கத்திய கத்தலில் இயந்திரச் சத்தமே கேட்கவில்லை. சக்கரம் தரையை விட்டு எழும்பியபோது எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஈரச் சந்தனத்தில் எங்கோ ஒரு சின்ன இடுக்கு இருந்திருக்க வேண்டும், ஓடும்போது வேகமுள் ஒழுங்காகவே எழுந்தது. மேலே போனதும் காற்றும் வெயிலும் சேர்ந்து அந்த இடுக்கையும் பூசி மெழுகிவிட்டன.

வானொலியில் கேப்டன் உயரத்தையும் வேகத்தையும் சொல்லச் சொல்ல எழுதினேன். உயரம் ஏறியது. வேகமும் ஏறியது. இன்னும் உயரம், இன்னும் வேகம். மேலே ஏறும்போது வேகம் குறைய வேண்டும், இதுவோ கூடுகிறது! எந்தப் புத்தகத்திலும் இல்லாத அதிசயம். பாய்ந்து ஒலிபெருக்கி மைக்கைப் பிடித்தேன்.

"பெரியோர்களே, தாய்மார்களே! நம் விமானம் ஏற ஏற வேகம் பிடிக்கிறது! உலகத்தில் எந்த விமானமும் செய்யாததை நம் பூதலூர் மண்ணில் செய்துகொண்டிருக்கிறது!"

கைத்தட்டல். விசில். ராணுவ அதிகாரி ஒருவர் பைனாகுலரை இறக்கிவிட்டு என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

வானொலி கரகரத்தது. "வேகம் ரொம்பக் கூடுது. மூக்கைத் தூக்கிக் குறைக்கிறேன்."

மூக்கைத் தூக்கினால் விமானம் இன்னும் ஏறும். ஏறியது. அவர் சொன்ன வேகம் இன்னும் கூடியது. மறுபடி தூக்கினார். எனக்கு மேலே கொக்கின் சத்தம் மாறியது. சுருதி இறங்கி, இழுத்து இழுத்து மூச்சுவிடுவதுபோல் கேட்டது. இறக்கை இரண்டும் லேசாக ஆடின. கூட்டம் கைதட்டுவதை நிறுத்தியது.

எழுதிய எண்களைப் பார்த்தேன். இரண்டும் கைகோத்துக்கொண்டு ஏறுகின்றன. வேகமுள் வேகத்தைக் காட்டவில்லை, உயரத்தைக் காட்டுகிறது! குழாய் அடைத்துக்கொண்டால் அப்படித்தான் ஆகும். கீழே புகுந்த காற்று உள்ளே சிறைப்பட்டுவிடும். மேலே போகப் போக வெளிக்காற்று மெலியும், உள்ளே இருப்பது மெலியாது. அந்த வித்தியாசத்தைத்தான் கருவி வேகம் என்று நினைத்துக்கொள்ளும். உண்மையில் விமானம் வேகம் இழந்து, விழப்போகும் நிலையில் இருக்கும். நூலகத்துப் புத்தகத்தில், படத்தோடு படித்திருந்தேன்.

குழாயை எது அடைத்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே பேனாவைப் பார்த்தேன். பேனாவைப் பிடித்திருந்த விரலில் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது.

மைக்கைப் பிடுங்கி அலறினேன். "சார்! தூக்காதீங்க! மூக்கை எறக்குங்க! வேகமுள்ள நம்பாதீங்க! குழாய்ல சந்தனம் அடைச்சிருக்கு! நாந்தான் வச்சேன்!"

என் குரல் கம்பத்திலிருந்து கிளம்பி, வாய்க்கால் தாண்டி, பஸ் ஸ்டாப் வரை போய் எதிரொலித்தது. தப்பான மைக். நான்கு ஊருக்கும் தெரிந்துவிட்டது, மேலே இருந்தவருக்கு மட்டும் தெரியவில்லை. நாகராஜ் பேயறைந்தவர் போல வானொலியை என் வாய்க்கருகில் நீட்டினார். மறுபடி சொன்னேன், அழுகையோடு.

கொக்கின் மூக்கு மெல்லத் தாழ்ந்தது. சத்தம் சீரானது.

"எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு" என்றது வானொலி. "சந்தனம் மட்டுமா, குங்குமமும் வச்சியா?"

"ரெண்டும் சார்."

"சரி. எல்லாரையும் ஓரமாப் போகச் சொல்லு. வேகம் தெரியாம எறங்கறேன். கொஞ்சம் ஜாஸ்தியாத்தான் வருவேன்."

இந்த முறை சரியான மைக்கில், ஜனத்தை விலகச் சொன்னேன். மெதுவாக வந்தால் விழுந்துவிடும் என்பதால் கேப்டன் தாராளமாகவே வேகம் வைத்து வந்தார். கொக்கு தரையைத் தொட்டது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஓடுதளம் முடிந்தது. கொக்கு முடியவில்லை. வரப்பை ஒரு தாவு தாவி, ராசாத்தி அத்தையின் நாற்றங்காலில் சேறு இரு பக்கமும் விசிறியடிக்கப் புகுந்து, மூக்கைச் சேற்றில் வைத்து நின்றது.

நான்தான் முதலில் ஓடினேன். கதவு திறந்தது. கேப்டன் முழங்கால் சேற்றில் இறங்கி, நேராக அந்தக் குழாயிடம் போனார். நகத்தால் சுரண்டினார். முகர்ந்து பார்த்தார்.

"அசல் சந்தனம்" என்றார்.

அப்பா என் பின்னால் வந்து நின்றார். அவர் முகத்தில் தை மாதம் எழுதியிருந்தது.

அத்தை மட்டும் நாற்றங்காலைச் சுற்றிவந்து கேப்டனிடம் சொன்னார்: "ஒண்ணும் கவலப்படாதீங்க தம்பி. நாளைக்கு நாத்துப் பறிக்க ஆள் சொல்லியிருந்தேன், பாதி நீங்களே பறிச்சிட்டீங்க."

அப்புறம் நடந்தது திருவிழா. எங்கிருந்தோ வடக்கயிறு வந்தது. தேர் இழுப்பதுபோல் ஊரே சேர்ந்து கொக்கை இழுத்தது. பேன்ட்டை மடித்துக்கொண்டு ராணுவ அதிகாரியும் கயிற்றைப் பிடித்தார். மேலே ஏற்றிப் பார்த்தால் கால் வளையவில்லை, இறக்கை நலுங்கவில்லை. "சேற்றில் இறக்கிச் சோதிப்பது எங்கள் திட்டத்திலேயே இல்லை" என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. துபாய் வெயில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் எஸ்.டி.டி. பூத்துக்கு எனக்குப் போன் வந்தது. (செவ்வாய். இதில் தம்பிக்கும் ஆட்சேபம் இல்லை.) கேப்டன்.

"வேலைக்கு உன் பேரை அனுப்பிட்டேன். தரையில உக்காந்துகிட்டு, எண்ணைப் பாத்தே கோளாறு என்னன்னு சொன்ன ஆள் நீ. அந்தக் கோளாறையும் நீயேதான் ஏற்பாடு பண்ணேங்கறதை நான் எழுதல. பெங்களூர்ல உன் முதல் வேலை, தினம் காலைல எல்லா விமானத்துக்கும் குழாயைப் பாக்கறது. பாக்கறது மட்டும்."

போனேன். புதுப் புது விமானங்களின் முதல் பறப்பைத் தரையிலிருந்து கேட்டுக் கேட்டே என் தலை நரைத்துவிட்டது. முதல் பறப்பன்று இப்போதும் எனக்கு இட்லி இறங்குவதில்லை. பாஸ்கர் நாகப்பட்டினத்தில் பெண் எடுத்து, இரண்டு பிள்ளைகளோடு சௌக்கியமாக இருக்கிறான்.

எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் வரவேற்பு மேசைப் பக்கம் என்னை விடுவதில்லை. நான் சந்தனக் கிண்ணத்தை நகர்த்தினால்கூட, "மூக்கப் பொத்திக்குங்க!" என்று தம்பி குரல் கொடுப்பான். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அத்தையின் கட்சி. பந்தியில் புதிதாக யார் உட்கார்ந்தாலும் கதையை ஆரம்பித்துவிடுவார்.

"நான் மட்டும் அன்னிக்கி அந்த ஆணியக் காட்டலேன்னா, இவ இந்நேரம் துபாய்ல பாஸ்கருக்குக் கொழம்பு கூட்டிக்கிட்டு இருப்பா. வேல கெடச்சதே அதனாலதான்."

"அத்தை, அன்னிக்கி அந்த மனுஷன் செத்திருப்பாரு!" என்று ஒவ்வொரு முறையும் நான் துடிப்பேன்.

அத்தை அப்பளத்தை நொறுக்கியபடி நிதானமாகக் கேட்பார்: "சாவலேல்ல? யாரு வைக்கச் சொன்ன பொட்டு?"