ஒற்றைக் காலை ஏலம் விட்டவர்

ஏலம் நைனா வாயைத் திறந்தால் பழவேற்காடு ஏரியில் நாரைகள் இடம் மாறி உட்காரும். மீன் ஏலக் கூடத்துக்கு மைக் வாங்கினார்கள். ஒரே வாரத்தில் கெட்டுப்போனது மைக்தான். அவருடைய சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமா என்பது சந்தேகம். பக்கத்து ஐஸ் டிப்போவில் வேலை பார்த்த எனக்குத் தெரியாது.

சின்ன வயதிலேயே போலியோவில் இடது கால் சூம்பிவிட்டது. வலது காலை ஊன்றித்தான் ஏலம் விடுவார். சர்க்கரை வந்து அந்தக் காலிலும் உணர்ச்சி போய்விட்டது. "இதுல புண்ணு வந்து முத்திடுச்சுன்னா காலையே எடுக்க வேண்டியிருக்கும்" என்று பொன்னேரி டாக்டர் சொன்னதும் நைனா முதல்முறையாக வாயடைத்துப்போனார். நிற்பதற்கு இருந்தது அந்த ஒரு கால்தானே.

மெடிக்கல் இன்சூரன்ஸ் எடுப்பது என்று முடிவானது. மனுஷன் சும்மா எடுப்பாரா? மூன்று ஏஜெண்டுகளை ஏலக் கூடத்துக்கே வரவழைத்தார். இறால் கூடைகள் எல்லாம் போனபின் தானே மேடையில் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"ஒரு கால் சூம்பல்! ஒரு கால் சக்கர! பிரஷரும் கீது! பழைய வியாதிக்கு காசு வர எத்தினி வருசம் காத்துக்கெடக்கணும்? கொறச்சிக் கேளு!"

தினமும் கூட்டிக் கேட்கச் சொல்கிறவர் அன்று குறைத்துக் கேட்கச் சொன்னதில் ஊரே கூடிவிட்டது.

"சார், அது கம்பெனி ரூல்ஸ்..." என்று இழுத்தார் முதல் ஏஜெண்ட்.

"நைனானு கூப்புடு. எத்தினி வருசம்?"

"மூணு."

"மூணு வருசம், ஒருதரம்!"

அடுத்தவர், பிரீமியம் கொஞ்சம் கூடும், ஆனால் ஒரு வருஷம் போதும் என்றார். விசில் பறந்தது. மூன்றாமவர் மட்டும் காதோரம் வந்து, "சக்கரைய சொல்லவே வாணாம் நைனா. காத்திருக்கவும் வாணாம்" என்றார்.

நைனாவின் கூடத்தில் நசுங்கின மீன் கூடையின் மேலேதான் இருக்க வேண்டும். அடியில் ஒளித்தால், சொந்த மச்சான் கூடையானாலும் ஏலம் கிடையாது.

"கெட்ட மீன அடியில வெக்கச் சொல்றியா? நாளைக்கு ஆஸ்பத்திரில கூடைய கவுத்துப் பாப்பான். அப்ப நீ வருவியா?"

போட்ட சத்தத்தில் அந்த ஆள் ஆந்திர எல்லையில் இருக்கும் எளாவூர் செக்போஸ்ட் தாண்டித்தான் நின்றிருப்பார். எல்லா வியாதியையும் சொல்லி, ஒரு வருஷக்காரரிடம் பாலிசி எடுத்தார் நைனா.

அந்த வருஷம் முடியும்வரை காலில் கீறல் படக்கூடாதே! முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் ஏறியது. கல்யாண வீட்டுக்குப் பட்டு வேட்டியும் பூட்ஸுமாக வந்து மாப்பிள்ளையைப் பின்னுக்குத் தள்ளினார். படுக்கையிலும் கழற்றுவதில்லை என்று மனைவி கூடத்துக்கே வந்து முறையிட்டார். டாக்டர் திட்டிய பிறகு ராத்திரிக்கு மட்டும் விடுதலை கிடைத்தது.

வருஷம் முடிந்தது. பூட்ஸைக் கூரைமேல் எறிந்தார். அடுத்த வாரமே சிப்பி ஓடு பாதத்தைக் கிழித்தது. "வேணும்னே மெதிச்சிருப்பாரு" என்று சிரித்தோம். புண் புரையோடியதும் சிரிப்பு நின்றது.

சென்னை ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ்காரர்கள் மறைத்த வியாதி ஏதாவது உண்டா என்று துருவினார்கள். எல்லாம்தான் கூடையின் மேலேயே இருந்ததே! செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டது. இரண்டு விரல் போய், கால் தப்பியது.

திரும்பி வந்த அன்று கட்டுப்போட்ட காலை மேடைமேல் தூக்கி வைத்தார். "ரெண்டு வெரல் கொறச்சல்! இன்னா வெல கேக்கற?"

நண்டு விற்கும் மேரியக்காதான் சொன்னார்: "அது விக்கறதுக்கு இல்ல நைனா. எங்களுக்கு வோணும்."

நைனா இரண்டாம் முறையாக வாயடைத்துப்போனார். நான் ஐஸ் உடைக்கிற சாக்கில் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.