அடுத்த மாதம் போகிறவர்

ஓர் ஊரில் இருக்கிறவர்கள் ஓர் இனம், ஊரைவிட்டுப் போகிறவர்கள் இன்னோர் இனம் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. போகிறேன், போகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கும் இனம். இது நகரங்களிலும் கிடைக்கும் என்றாலும், தார்ச்சாலை முடிந்து மணல் தொடங்கி, மணலும் முடிந்து தண்ணீர் தொடங்குகிற எங்கள் நலுவேயா மாதிரி ஊர்களில்தான் நன்றாகக் கொழுத்து வளரும். அரசாங்கம் ஒருவரை ஆறு மாதத்துக்கு என்று சொல்லி இங்கே அனுப்பும். அனுப்பிவிட்டு மறந்துவிடும். அந்த ஆறு மாதத்தை அவர் மட்டும் மறக்க மாட்டார்.

எங்களிடம் இருக்கிற உருப்படி, சுகாதார நிலையத்து நர்ஸ் ஹமூங்கா. தெற்கே மோன்சேக்காரர், தோங்கா சாதி. எங்கள் லோசி ஜனங்களுக்கும் தோங்கா ஜனங்களுக்கும் பாட்டன் காலத்திலிருந்து மச்சான் முறை. ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி வம்புக்கு இழுக்கலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. அடுத்த மாதம் போகிறார்.

இந்த இனத்தை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? முதலில் வீட்டைப் பாருங்கள். ஹமூங்காவின் நல்ல தட்டுகள் ஆறும் செய்தித்தாள் சுற்றிப் பெட்டிக்குள் இருக்கின்றன. அவர் சாப்பிடுவது சத்துமாவு டப்பாவின் மூடியில். வாசல் கதவின் மேல் கீல் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. கதவைக் கொஞ்சம் தூக்கி, தோளால் ஒரு இடி இடித்து, இடது காலால் தள்ளித்தான் திறக்க வேண்டும், ஊரில் எல்லோருக்கும் அது பழகிவிட்டது. மாற்றினால் என்ன என்று கேட்டால், "அடுத்த மாசம் போறவன் எதுக்குங்க கீல் மாத்தணும்?" என்பார். வாசலில் ஒரு மாங்கன்று வைக்கச் சொன்னபோதும் இதே பதில்தான். அவர் வந்த வருடம் பள்ளிக்கூடத்து வாத்தியார் வைத்த கன்றில் பன்னிரண்டு வருடமாகப் பழம் பறித்துத் தின்கிறார், அது வேறு விஷயம்.

போகிறவருக்கு எதற்கு எங்கள் பாஷை? லோசி தனக்கு வராது என்று அவர் சுத்தமான லோசியில் சொல்வார். மாத்திரையைப் பாதியில் நிறுத்திய கிழவனைத் திட்டும்போது அவர் வாயில் வருகிற லோசி, எங்கள் ஆட்களுக்கே மறந்துபோன லோசி.

பெயர்களும் அப்படித்தான். நாளைக்குப் போகப்போகிறவன் குழந்தைகளின் பெயரை ஞாபகம் வைத்து என்ன செய்வது? ஆகையால் பிறந்தபோது தராசில் எத்தனை கிலோ, எத்தனை கிராம் காட்டியதோ, அதையே பெயராக வைத்துக் கூப்பிடுவார். "ஏ மூணு நூறு, ஆட்டை அந்தப் பக்கம் ஓட்டு." "ஒண்ணு அறுநூறு, நேத்து ஏன் ஊசிக்கு வரல?" இந்த ஒண்ணு அறுநூறை மூன்று வாரம் தன் சட்டைக்குள் வைத்துச் சூடு கொடுத்துக் காப்பாற்றியவர் அவர், அவன் இப்போது வாசற்படியில் தலை இடிக்கிற உயரம். ஊரில் அவனுடைய சொந்தப் பெயர் அவன் அம்மாவுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும்தான் தெரியும்.

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், ஊரில் வருடத்துக்கு இரண்டு தடவை மூட்டை கட்டுகிறவர்கள் நாங்கள். வெள்ளம் ஏறினால் சமவெளியில் நாங்கள் குடியிருக்கிற மேடுகளை விட்டுவிட்டு, பானை, பாய், கோழி, கன்றுக்குட்டி சகிதம் படகேறிக் கரைக்கு வந்துவிடுவோம். வெள்ளம் வடிந்தால் திரும்பிப் போவோம். கரையில் இருக்கும் சுகாதார நிலையத்தைவிட்டு ஒரு தடவைகூடக் குடி பெயராமல் இத்தனை வருடம் இருக்கிற ஒரே மனிதர், அடுத்த மாதம் போகிறவர்தான். விடுப்புக்கூட எடுத்ததில்லை. மொத்தமாகப் போகப்போகிறவனுக்கு எதற்கு லீவு?

இடுப்பளவு தண்ணீரில் தடுப்பூசிப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு மேடு மேடாகப் போனதும், முதலை கடித்த தொடையை மண்ணெண்ணெய் விளக்கில் தைத்ததும், குளிர்பெட்டி பழுதானால் தானே பிரித்துப்போட்டு ஓடவைத்ததும், அறுநூறு பிரசவம் பார்த்ததும் எல்லாம் தற்காலிகமாகச் செய்த வேலைகள். அவரைக் கேட்டால் அப்படித்தான் சொல்வார்.

முதல் தடவை போகிறேன் என்றபோது நாங்கள் நம்பினோம். காளை அடித்து விருந்து வைத்தோம். நன்றாகச் சாப்பிட்டார். போகவில்லை. அடுத்த வருடம் கோழி அடித்தோம், அதற்கடுத்த வருடம் புளித்த பாலும் களியும். பிறகு கைகளைக் குவித்துத் தட்டி வணக்கம் சொல்வதோடு நிறுத்திக்கொண்டோம். இப்போதெல்லாம் அதுவும் இல்லை.

பதினோரு வருடத்துக்கு முன் ஒரே ஓர் ஆள் மட்டும் அவரை நேருக்கு நேர் கேட்டாள். நலிஷேபோ. புருஷன் செத்த பிறகு அவனுடைய எஞ்சின் படகைத் தானே ஓட்டி, எங்கள் மீனை டவுனுக்கும் டவுன் மருந்தை எங்களுக்கும் கொண்டுவருகிறவள். அவசர நோயாளிகளும் அவள் படகில்தான். பெண் வாய்விட்டுக் கேட்பது எங்கள் வழக்கம் இல்லை. ஆனால் பெட்ரோல் தீருவதற்குள் பேச்சை முடிக்கிற பழக்கம் அவளுக்கு.

"நீ இங்க தனியாப் பொங்கற, நான் அங்க தனியாப் பொங்கறேன். எதுக்கு மச்சான் ரெண்டு அடுப்பு?" என்றாள்.

ஹமூங்காவுக்கு முகமெல்லாம் வேர்த்தது. ஆசை இல்லாமல் இல்லை. வியாழக்கிழமை படகுச் சத்தம் கேட்டால் சட்டை மாற்றுகிறவர்தான். ஆனாலும் பழகிய வாய் முந்திக்கொண்டது.

"அடுத்த மாசம் போறவனுக்கு எதுக்கு அடுப்பு?"

அவள் போய்விட்டாள். அன்று முழுக்க அவர் யாருக்கும் ஊசி போடவில்லை. அதற்குப் பிறகும் வியாழக்கிழமைகளில் அவருக்கு என்று இரண்டு மீன் வந்துகொண்டுதான் இருந்தது.

இந்த ஜனவரியில் மருந்துப் பெட்டிகளோடு நலிஷேபோ ஓர் உறையையும் கொண்டுவந்து கொடுத்தாள். மோன்சே ஆஸ்பத்திரிக்கு மாற்றல். முப்பது நாளில் போய்ச் சேர வேண்டும், சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. ஹமூங்கா மூன்று முறை படித்தார், வெளிச்சத்தில் பிடித்து முத்திரையைப் பார்த்தார், பிறகு காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு சமவெளியில் வீடு வீடாகக் கிளம்பினார்.

ஊர்த்தலைவர் சிலுமேசி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், உத்தரவு வந்துடுச்சு. அடுத்த மாசம் போறேன்."

"போயிட்டு வா."

"இது நிஜமான உத்தரவு. முத்திரையைப் பாரு."

"முத்திரை நல்லாருக்கு. போறப்ப எங்க வயித்துல நீ கொட்டின மாத்திரையையும் அள்ளிக்கிட்டுப் போ. மாடு மேய்க்கிற தோங்காவுக்கு எதுக்குடா ஊசின்னு எங்க அப்பன் அன்னைக்கே கேட்டாரு."

வேறு சமயமாக இருந்தால் ஹமூங்கா இதற்கு இரண்டு மடங்காகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்று காகிதத்தை மடித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். அங்கேயும் போயிட்டு வா. அதற்கடுத்த வீட்டிலும் அதேதான். போகாதே என்று ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. மச்சானிடம் போய் யாராவது போகாதே என்று கெஞ்சுவார்களா? இது அவருக்குத் தெரியும். தெரிந்தும் மனசு கிடந்து அடித்துக்கொண்டது, பாவம்.

சரி, ஊர் கெஞ்சாவிட்டால் என்ன, காரணங்கள் கெஞ்சாதா? மாற்று ஆள் வராமல் எப்படிப் போவது என்றார். பன்னிரண்டாம் நாள் கசொன்டே என்கிற இளம்பெண் கட்டில், திரைச்சீலை, அம்மிக்கல் சகிதமாக வந்து இறங்கினாள். வந்த அன்றே எல்லாக் குழந்தைகளையும் வரிசையில் நிறுத்திப் பெயர் எழுத ஆரம்பித்தாள்.

"உன் பேர் என்ன கண்ணு?"

"மூணு நூறு."

"பேரைக் கேட்டேன்."

"அதான் சொன்னேனே."

அவள் நிமிர்ந்து ஹமூங்காவைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

வேலையில் அவள் சூட்டிகை. அவரால் ஒரு குறை சொல்ல முடியவில்லை, அந்த எரிச்சல் வேறு. உடனே, "ரெண்டு எழுநூறுக்கு நாள் நெருங்குது, தலைப்பிரசவம், விட்டுட்டுப் போக முடியுமா?" என்றார். ரெண்டு எழுநூறு, அவர் இங்கே வந்து பார்த்த முதல் பிரசவத்தில் பிறந்தவள். இருபதாம் நாள் அவளுக்குச் சுகப்பிரசவம் ஆயிற்று. பார்த்தது கசொன்டே. ஹமூங்கா வாசலில் நின்றுகொண்டு அரை மணி நேரம் கையைக் கழுவினார்.

கடைசியாக வெள்ளத்தைப் பிடித்துக்கொண்டார். "இவ்வளவு தண்ணி ஏறுதே, எப்படிப் போறது?"

"தண்ணி இருந்தாத்தான் படகே போகும்," என்றாள் நலிஷேபோ.

இருபத்தெட்டாம் நாள் காலை அவர் பெட்டி கரைக்கு வந்தது. வழியனுப்ப நாங்கள் எல்லோரும் கரையில் இருந்தோம் என்று நினைக்காதீர்கள். அன்று நாங்கள் சமவெளியிலிருந்து குடி வருகிற நாள். படகுகளிலிருந்து பானைகளும் பிள்ளைகளும் கன்றுகளும் இறங்கிக்கொண்டிருந்தன. அத்தனை பேரும் வந்து இறங்குகிற இடத்தில் ஒரே ஒரு மனிதர் ஏற நின்றார். நலிஷேபோ படகின் முன்பக்கம் பெட்டிக்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள்.

"நான் போனா நீ என்ன பண்ணுவ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என்ன பண்ணுவேன். உன்னை இறக்கிவிட்டுட்டு மண்ணெண்ணெய் ஏத்திக்கிட்டு வருவேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன பண்ணணும்னு நீ சொல்லு. பண்றேன்."

அவர் போனை எடுத்தார். புறப்படுவதாக மோன்சேக்குத் தகவல் தர வேண்டும் என்று சொல்லிவிட்டு, கரையோரத்தில் இருக்கும் பெரிய கரையான் புற்றின்மேல் ஏறினார். எங்கள் ஊரில் போனுக்குச் சிக்னல் கிடைக்கிற ஒரே இடம் அது. அங்கே நின்று பேசுவது ஊருக்கே கேட்கும்.

"சார், நலுவேயா ஹமூங்கா பேசறேன். ஆமா சார், உத்தரவு கிடைச்சுது. ரொம்ப சந்தோசம் சார். வந்துடறேன். நிச்சயமா." அவர் கீழே பார்த்தார். பிள்ளையைத் துணியில் கட்டிக்கொண்டு ரெண்டு எழுநூறு நின்றாள், தலையில் பாயோடு சிலுமேசி நின்றார், எஞ்சின் கயிற்றைப் பிடித்தபடி நலிஷேபோ நின்றாள். "அடுத்த மாசம் வந்துடறேன் சார்."

சிலுமேசி பாயைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கரையே சிரித்தது. நானும்தான். சிரிக்காதவள் ஒருத்திதான். அவள் படகைவிட்டு இறங்கிப் புற்றடிக்கு வந்தாள்.

"மச்சான், கேலி போதும். போறேன்னு சொல்லு, கொண்டுபோய் விடறேன். இல்ல, இருக்கேன்னு சொல்லு. ரெண்டுல ஒண்ணைச் சொல்ல ஒரு மனுசனுக்கு எத்தனை வருசம் வேணும்?"

ஹமூங்கா போனைப் பையில் போட்டார். வெளியே எடுத்தார். திரும்பவும் போட்டார். 

"அடுத்த மாசம் சொல்றேன்," என்றார்.

எங்கள் சிரிப்பு அங்கே நின்றுவிட்டது. நலிஷேபோ திரும்பிப் போய், பெட்டிக்கு ஒதுக்கிய இடத்தில் கருவாட்டு மூட்டைகளை ஏற்றி, கயிற்றை இழுத்து எஞ்சினைக் கிளப்பினாள். எனக்கு அவர்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. ஊரில் பாதிப் பேரை உயிரோடு உலகத்துக்குக் கொண்டுவந்தவருக்கு, இருக்கேன் என்கிற ஒரு வார்த்தையைக் கொண்டுவரத் தெரியவில்லையே.

மோன்சே இடம் வேறு ஆளுக்குப் போயிற்று. இந்த ஊருக்கு இரண்டு நர்ஸ் வேண்டும் என்று பத்தொன்பது வருடமாக மனுப் போட்டவர் அவர்தான் என்பதால், ஆபீஸ் அதை நிறைவேற்றிவிட்டதாக எழுதிக்கொண்டது. வீடு கசொன்டேக்கு. அவள் குடிபுகுந்த மறுவாரமே கதவுக்குப் புதுக் கீல் போட்டாள். ஹமூங்கா மருந்து வைக்கிற அறையில் படுத்துக்கொள்கிறார், தற்காலிகமாக. வியாழக்கிழமை படகு வருகிறது, மருந்து வருகிறது. மீன் வருவதில்லை.

நீங்கள் சிரித்துக்கொண்டுதான் படித்தீர்கள், தெரியும். இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு ஊருக்குத் திரும்பிவிடுகிறேன் என்று பதினாறாவது வருடமாகச் சொல்கிறவர் உங்கள் தெருவிலேயே இருப்பார், அவரை நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அது போகட்டும். நீங்கள் குடியிருக்கிற வீட்டில் காலண்டர் எங்கே தொங்குகிறது? சுவரில் ஆணி அடித்தா, எப்படியும் காலி செய்யப்போகிற வீடுதானே என்று சன்னல் கம்பியிலா? கம்பியில் என்றால், உள்ளே இருப்பவரைக் கொஞ்சம் கூப்பிட்டு, "நீ என்னிடம் ஏதாவது கேட்டு நான் பதில் சொல்லாமல் இருக்கிறேனா?" என்று கேட்டுப்பாருங்கள். இன்றைக்கு நேரம் இல்லையா? பரவாயில்லை, எப்போது கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.