விழா வண்ணம்

ஒரு காட்டில் ஒரு பாழுங்கிணறு இருந்தது. கதையென்றால் சிங்கத்திலிருந்து தொடங்குவதுதான் மரியாதை. ஆனால் இந்தக் கதையில் சிங்கத்தைவிடக் கிணறு மூத்தது. எப்போதோ மனிதர்கள் வெட்டிவிட்டுப் போனது. கைப்பிடிச் சுவர் இடிந்து, விளிம்பெல்லாம் புல் மண்டிக் கிடந்தது. முயல்குட்டி விழுந்தது, நரிக்குட்டியும் விழுந்தது. விழும்போதெல்லாம் காடு கூடி நின்று உச்சுக்கொட்டும். தலையெழுத்து என்று யாராவது ஒருவர் சொன்னதும் எல்லாருக்கும் பசியெடுத்துவிடும், கலைந்து போய்விடுவார்கள்.

ஒருநாள் சடைச்சி என்ற காட்டுப்பன்றியின் கடைக்குட்டி விழுந்தது. குரங்குகள் கொடியைப் போட்டு இழுத்துக் கரையேற்றின. உயிர் தப்பியது, பின்னங்கால் ஒன்று மட்டும் விந்தி விந்தி நடப்பதென்று ஆகிவிட்டது. பார்க்க வந்த பெண்மான், "உனக்கென்னடி, வீடு நெறையப் புள்ளைங்க இருக்கு, ஒண்ணு நொண்டினா என்ன" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.  பெற்றவளுக்கு எண்ணிக்கை தெரியாது, முகம்தான் தெரியும்.

கிணற்றைச் சுற்றி வேலி போட்டால் தீர்ந்தது என்பது பன்றி மூளைக்கே எட்டிய விஷயம். ஆனால் மூங்கில் அரசாங்கச் சொத்து. கேட்காமல் ஒரு குச்சியை ஒடித்தாலும் சிங்கத்தின் முன்னால் கைகட்டி நிற்கவேண்டும். கேட்பதென்றால் மனு வேண்டும். மனு எழுத அந்தக் காட்டில் இருந்தது ஒரே ஒரு கிளி. யாரோ ஒரு தமிழாசிரியர் வீட்டுக் கூண்டிலிருந்து தப்பி வந்த கிளி அது; கூண்டை விட்டதே தவிர இலக்கணத்தை விடவில்லை.

"புள்ளைங்க கெணத்துல விழாதபடி ஒரு வேலி போட்டுக் குடுங்கன்னு எழுதுங்க சாமி" என்றாள் சடைச்சி.

கிளிக்கு உடம்பெல்லாம் கூசியது. விழாதபடி என்பதெல்லாம் சந்தைப் பேச்சு, மனுவுக்கு ஆகாது என்றது. வேலி என்று பட்டவர்த்தனமாகக் கேட்பதும் மரபில்லையாம், என்ன செய்வதென்று மேலிடமே முடிவுசெய்துகொள்ளுமாம். பிறகு ஒரு தேக்கிலையில் அழகாக எழுதியது: 'குட்டிகள் கிணற்றில் விழா வண்ணம் ஏற்பாடு செய்தருள வேண்டுகிறேன்.' சடைச்சிக்கு அதில் பாதி விளங்கவில்லை. விளங்காததால் நல்ல மனுவாகத்தான் இருக்கும் என்று நம்பினாள்.

மனு, செயலாளர் நரியிடம் போனது. நரியார் கூட்டம் கூட்டுவதில் கெட்டிக்காரர்; மேடை ஏறாத வாரத்தில் அவருக்குச் சோறு செரிக்காது. மனுவை ஒரே மூச்சில் படித்தார். குட்டிகள். கிணற்றில் விழா. வண்ணம். ஏற்பாடு. இவ்வளவு தெளிவான மனுவை அவர் ஆயுளில் கண்டதில்லை. உடனே தண்டோரா போட்டாயிற்று: குட்டிகள் பாதுகாப்புப் பெருவிழா, இடம் பாழுங்கிணறு, வண்ணத் தோரணங்களுடன். தலைமை, மாண்புமிகு சிங்கம். குட்டிகளுக்குச் சாக்கு ஓட்டமும், கண்ணைக் கட்டிக்கொண்டு பானை உடைக்கும் போட்டியும் உண்டு. நன்றியுரை, மனுதாரர் சடைச்சி.

சடைச்சி விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள். அதற்குள் பேனர் கட்டியாகிவிட்டது. அதில் சிங்கம் ஒரு மான்குட்டியைத் தூக்கிக் கொஞ்சிக்கொண்டிருந்தது. மான்குட்டியின் முகத்தில் அவ்வளவாகச் சிரிப்பில்லை.

"ஐயா, நான் கேட்டது விழா இல்லீங்க. விழாம இருக்க ஒரு வழி" என்றாள்.

"ஏம்மா, மனுவுல விழான்னுதானே இருக்கு? தலைவர் தேதி குடுத்தாச்சு. இப்போ விழா வேண்டாம்னா, தலைவரே வேண்டாம்னு சொல்ற மாதிரி ஆயிடும், பாத்துக்கோ."

சடைச்சிக்கு அழுகை முட்டியது. நாளைக்குக் காட்டிலுள்ள குட்டிகள் அத்தனையும் கண்ணைக் கட்டிக்கொண்டு, கையில் கோலோடு, கிணற்றங்கரையில் சுற்றப்போகின்றன. அவளுடையதும்தான். பானை உடைப்பேன் என்று காலையிலிருந்து அது விந்தி விந்திக் குதித்துக்கொண்டிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் மேடையைப் பார்த்தாள். காற்று வரட்டும் என்று மேடையைக் கிணற்றை ஒட்டியே போட்டிருந்தார்கள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று பட்டது. அழுகையை விழுங்கிக்கொண்டு, ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

"தலைவருக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல்னு சொல்றாங்களே, நெசமாங்க? கைதட்டுனா ரெண்டடி பின்னால போய் நிப்பாராமே?"

நரியார் மேடையையும் கிணற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பொழுது சாய்வதற்குள் கிணற்றைச் சுற்றி முற்றிய மூங்கிலில் வேலி எழுந்தது. சந்தில் தலைவரின் வால் சிக்கிக்கொள்ளுமே என்று சடைச்சி மேற்கொண்டு கவலைப்பட்டதால், கோழிக்குஞ்சுகூட நுழைய முடியாத நெருக்கத்தில் கட்டினார்கள். இத்தனை காலமும் மூங்கிலுக்கு அனுமதி தர ஆளில்லாத காடு அது.

விழாவன்று சிங்கம் முழங்கியது. பாதுகாப்பு என்பது நம் உள்ளத்தில் இருக்கவேண்டும், வெறும் வேலிகளில் அல்ல என்றது. கைதட்டல் காதைப் பிளந்தது. சிங்கம் இரண்டடி பின்னால் போய், வேலியில் சாய்ந்து நின்று அதை ஏற்றுக்கொண்டது. பேசி முடித்ததும் அவசர வேலை இருக்கிறதென்று கிளம்பிவிட்டது. தலைவர் போனபின் மேடையில் யாருக்கு என்ன வேலை? நரியாரும் பின்னாலேயே ஓடினார், காடும் பாதி கலைந்தது. குட்டிகளைப் பார்த்துக்கொள்ள சடைச்சியை விட்டால் ஒருவருமில்லை.

போட்டி தொடங்கியது. சடைச்சியின் கடைக்குட்டி கண்ணைக் கட்டிக்கொண்டு, கோலைத் தூக்கிக்கொண்டு, பானை இருக்கும் திசையை விட்டுவிட்டு நேராகக் கிணற்றைப் பார்த்து நடந்தது. சடைச்சி கத்திக்கொண்டே ஓடினாள். குட்டி மூங்கிலில் முட்டி, மல்லாக்க விழுந்து, கண்கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கெக்கெக்கென்று சிரித்தது.  சடைச்சி அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நன்றியுரை ஆற்ற வருமாறு மேடையிலிருந்து ஒரு குரங்கு கூப்பிட்டுப் பார்த்தது, கூப்பிட்டுப் பார்த்துவிட்டு அதுவும் வீட்டுக்குப் போய்விட்டது.

மறுநாள் குரங்குகள் வேலியைப் பிரிக்க வந்தன. விழா முடிந்ததும் மூங்கிலைக் கழற்றிவிட வேண்டும் என்று உத்தரவாம். சடைச்சி வேலிக்கு முன்னால் குறுக்கே படுத்துக்கொண்டாள்.

"விழா எங்கே முடிஞ்சுது? நன்றியுரை இன்னும் ஆவலியே" என்றாள்.

குரங்குகள் தலையைச் சொறிந்தன. கிளியிடம் ஓடிப்போய்க் கேட்டன. நன்றியுரையின்றி விழா நிறைவுறுதல் மரபன்று என்று கிளி திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. கடைசியில் நரியாரே நேரில் வந்தார். ரெண்டு வார்த்தைதானேம்மா, சொல்லித் தொலையேன் என்று கெஞ்சினார். தொண்டை கட்டியிருக்குங்க என்றாள் சடைச்சி.

அந்தத் தொண்டை இன்றுவரை திறக்கவில்லை. தோரணம் வெளுத்துவிட்டது, மேடையைக் கரையான் தின்றுவிட்டது, பேனரில் சிங்கத்தின் முகத்தில் பாதிதான் மிச்சம். வேலி மட்டும் அப்படியே நிற்கிறது. அதற்குப் பிறகு அந்தக் கிணற்றில் ஒரு குட்டியும் விழவில்லை. தலைவர் இவ்வளவு செய்தும் வாய் திறந்து ஒரு வார்த்தை சொன்னாளா, நன்றி கெட்ட பன்றி என்று காடே அவளை ஏசுகிறது. எல்லாரையும்விட அதிகமாக ஏசுவது அந்தப் பெண்மான்தான். அவள் ஏசிக்கொண்டிருக்கும்போது அவளுடைய குட்டி அந்த வேலியில் முதுகைச் சொறிந்துகொண்டிருக்கும்.

நீதி: குட்டி விழாமல் இருக்க வேண்டுமானால் விழா முடியாமல் இருக்க வேண்டும், விழா முடியாமல் இருக்க, யாராவது ஒருத்தி நன்றி கெட்டுத்தான் ஆகவேண்டும்.