முதுகருக்குச் சரிவராத பைகள்

திருகோணமலையில் ஒருவருடைய முகத்தையும் நினைவில் வைத்திருக்காமல், எல்லோருடைய முதுகையும் நினைவில் வைத்திருந்த ஒரே மனிதர் எங்கள் முதுகர்தான். நேரே வந்து வணக்கம் சொன்னால், "ஆரெண்டு விளங்கேல்லையே" என்பார். அதே ஆள் மனம் நொந்து திரும்பி நாலடி நடந்தால், "அட, தபால் கந்தோர் தம்பியல்லோ. வாங்கோ, வாங்கோ. இடப்பக்கத் தோள் இன்னும் இறங்கித்தான் கிடக்கு" என்று கூப்பிட்டு இருத்துவார்.

உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஓர் அரச அலுவலகத்தில் அவர் பிரதம லிகிதர், எழுத்தர்களுக்கெல்லாம் தலைவர். நான் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள். மத்தியானத்தில் எங்கள் ஜீப்புக்கு அடியில் மான்கள் படுத்திருக்கும். அவற்றை எழுப்பி அனுப்பிய பிறகுதான் சாரதி வண்டியை எடுப்பார். முதுகரின் உண்மையான பெயர் அறைக் கதவில் மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. மூன்றிலும் யாரும் அதை வாசித்ததில்லை. ஒருநாள் தொலைபேசியை எடுத்து அவரே "ஓம், முதுகர்தான் கதைக்கிறன்" என்று சொன்னதோடு பட்டப்பெயருக்கு அரச அங்கீகாரமும் கிடைத்துவிட்டது.

இந்த முதுகுப் பித்து அவருக்கு வந்தது, மலையேறுகிறவர்கள் முதுகில் மாட்டுகிற பைகளால். ஒவ்வொரு யாத்திரைச் சீசனுக்கும் எங்கள் அலுவலகத்தில் பஸ் பிடித்து மலைக்குப் போவது வழக்கம். எனக்கு அது சிவனொளிபாதமலை. பக்கத்து மேசைப் பரீதாவுக்கு அது பாவா ஆதம் மலை. உச்சியில் ஒரு மணி உண்டு. எத்தனையாவது தடவை ஏறினோமோ அத்தனை தரம் அதை அடிப்பது முறை. திரும்பி வந்தால் அடுத்த சீசன் வரும்வரை யார் எத்தனை தரம் அடித்தோம் என்ற கதைதான். இத்தனை பேருக்கும் பை தெரிவுசெய்து கொடுத்தவர் முதுகர். அவர் மட்டும் மலைக்கு வருவதில்லை. கேட்டால், "எனக்கு இன்னும் பாக் சரிவரேல்லை" என்பார்.

அவரிடம் கேட்காமல் பை வாங்கினால் அது பெரிய மனத்தாங்கலாகிவிடும். கேட்கப் போனாலோ, முதற்கேள்வி விலையைப் பற்றியும் இராது, நிறத்தைப் பற்றியும் இராது.

"ஆரோட போறியள்?"

இதென்ன விடுப்பு, யாரோடு போனால் இவருக்கென்ன என்று எல்லோருக்கும் எரிச்சல் வரும். எங்களோடு வேலை செய்த ரமணன், நக்கிள்ஸ் மலைப்பக்கம் போவதற்கு ஒரு பை பார்த்துத் தரச்சொல்லி அவரிடம் வாயைக் கொடுத்தான்.

"ஆரோட போறியள்?"

"சும்மா, ஒரு சினேகிதரோட சேர்."

"சினேகிதரோ, சினேகிதியோ? ஏனெண்டால் அவை தங்கட தண்ணிப்போத்தலையும் உங்களிட்டத்தான் தருவினம். அதுக்கும் இடம் விடோணும்."

ரமணனின் முகம் வெளிறியதை அலுவலகம் முழுவதும் பார்த்தது. அவன் பை வாங்குவதற்கு முன்பே நாங்கள் அவனுக்குக் கலியாணம் பேசி முடித்துவிட்டோம்.

அடுத்தது அளவெடுப்பு. மேசை லாச்சியில் தையற்காரரின் நாடா ஒன்று வைத்திருந்தார். "கழுத்தைக் குனியுங்கோ. பிடரிக்குக் கீழ ஒரு எலும்பு தள்ளிக்கொண்டு நிக்குதல்லோ, அதில இருந்து இடுப்பு எலும்பு மட்டும். உங்கட உயரத்தை எனக்குச் சொல்லவேண்டாம். நெட்டை ஆளுக்கும் கட்டை முதுகு இருக்கும். பாரம் தோளில தொங்கக்கூடாது, இடுப்பில இருக்கோணும்." பெண்கள் என்றால் நாடாவைப் பரீதாவிடம் கொடுத்துவிட்டு, சுவரில் தொங்கும் கலண்டரைப் பார்த்தபடி நிற்பார். அப்படிப் பார்த்துப் பார்த்தே அந்த வருடத்துப் பௌர்ணமிப் போயா விடுமுறை எல்லாம் அவருக்கு மனப்பாடமாகிவிடும்.

ஒருமுறை கொழும்பிலிருந்து கணக்காய்வுக்கு வந்த அதிகாரி, தோளில் ஒரு கொழுத்த பையோடு முதுகரின் அறையைத் தாண்டிப் போனார். முதுகருக்குப் பொறுக்கவில்லை. "கொஞ்சம் திரும்பி நில்லுங்கோ" என்றார். அதிகாரியின் சொந்த ஊர் மூதூர். சண்டைக்காலச் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய எங்கள் பக்கத்து ஆட்களுக்கு, திரும்பி நில் என்றால் ஏன் என்று கேட்கிற பழக்கம் எப்போதோ விட்டுப்போயிற்று. மனிதர் பையை இறக்கி வைத்தார். அடையாள அட்டையை வாயில் கவ்விக்கொண்டார். இரண்டு கையையும் உயர்த்தியபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். முதுகர் நிதானமாக அளந்து முடித்து, "உங்களுக்கு இது ஒரு சைஸ் பெரிசு" என்று தீர்ப்புச் சொன்னார். அந்த முறை கணக்காய்வு எங்களிடம் ஒரு கேள்வியும் கேட்காமல் முடிந்தது.

பை பெரிதானால் வீடும் கூடவே வரும் என்பது அவருடைய இன்னொரு கொள்கை. அதைக் கேட்காமல் நான் ஒரு பெரிய ஊதாப் பை வாங்கினேன். இடம் இருக்கிறதே என்று அம்மா அதற்குள் ஒரு திருவலையை வைத்தார். மலை அடிவாரத்தில் தேங்காய் துருவ வேண்டி வந்தால் என்ன செய்வது? தேங்காய் ஒன்றும் அகப்படாததால், அந்தத் திருவலை வழிமுழுக்க என் முதுகைத் துருவிக்கொண்டு வந்தது. உச்சியில் மணி அடித்தபோது எனக்குச் சாமி நினைவே வரவில்லை. அதற்குப் பிறகு அந்த ஊதாப் பையைக் காணும்போதெல்லாம் முதுகரிடமிருந்து எனக்கு ஏச்சுத்தான்.

மற்றவர்களுக்கு ஒரு பின்னேரத்தில் பை பார்த்துக் கொடுக்கிறவர், தனக்கென்று வரும்போது கடைக்காரரை அழவைத்தார். கடைக்காரர் கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் அண்ணன், எல்லோருக்கும் நானா. முதுகரின் தலை தெரிந்தாலே அவர் மின்விசிறியைப் போட்டு, தேநீருக்கும் சொல்லிவிடுவார். முதுகர் ஒரு பையை எடுப்பார். தையலை இழுத்துப் பார்ப்பார், இடுப்புப் பட்டியைப் பூட்டித் திறப்பார், மழை உறை இருக்கிறதா என்று தடவுவார். எல்லாம் சரியாகத்தான் இருக்கும். கடைசியில் பையின் வாய்க்குள் முழங்கைவரை கையை விட்டுத் துழாவி, உதட்டைப் பிதுக்குவார்.

"போகாது."

"எது சேர் போகாது?"

"போகாது நானா."

"நீங்க பை வாங்க வாறீங்களா, கிணறு பார்க்க வாறீங்களா எண்டு எனக்கு விளங்குதில்ல சேர்."

தேவியக்கா அலுவலகத்துக்கு வராதிருந்தால் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே விட்டிருப்போம். தேவியக்கா முதுகரின் மனைவி. முதுகர் கச்சேரிக்கு, அதாவது மாவட்டச் செயலகத்துக்கு, போயிருந்த ஒருநாள் காலையில், சுவரைப் பிடித்து, ஒரு காலை இழுத்துக்கொண்டு வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தார்.

"கலியாணம் முடிச்ச புதுசில ஒருக்கால் மலைக்குப் போனனாங்கள் பிள்ளை. பாதியில என்ர முழங்கால் மடங்கிப் போச்சு. படி முழுக்கச் சனம், இருக்க ஒரு இடமில்லை. அழுதுகொண்டு திரும்பி வந்தனாங்கள். அதுக்குப் பிறகு ஒவ்வொரு சீசனும் நான் பிளாஸ்க்கைக் கழுவி வைக்கிறன், இவர் பாக் சரிவரேல்லை எண்டுறார். இப்ப டொக்டர் சொல்லிப்போட்டார், மூட்டு தேஞ்சு போச்சாம். ஆறுதலா, இருந்து இருந்து ஏறினால் இந்தமுறை ஏறலாமாம். அடுத்த சீசன் ஏலாதாம். எனக்கு அந்த மணியை ஒருக்கால் அடிக்கோணும். இவர் வராட்டில் நான் உங்களோட வாறன்."

பரீதா மூக்கை உறிஞ்சினாள். எனக்குக் கோபம் வந்தது. ஒரு பைக்காக ஒரு மனிதர் மனைவியின் ஆசையை இப்படி இழுத்தடிப்பாரா? முதுகர் திரும்பி வந்ததும் நேரே சொன்னேன். "சேர், இந்தமுறையும் நீங்கள் அக்காவைக் கூட்டிக்கொண்டு போகாட்டில் நாங்கள் கூட்டிக்கொண்டு போவம்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. கலண்டரைப் பார்த்தார். "முதல்ல பாரத்தோட நான் ஒருக்கால் நடந்து பாக்கோணும்" என்றார். "ஆராவது கொஞ்சம் மண் கொண்டு வருவியளோ?"

அங்கேதான் பிழை நடந்தது. பரீதாவின் ஊர் புல்மோட்டை. அவள் தன் வளவிலிருந்து ஓர் உரப்பையில் மண் கொண்டு வந்தாள். புல்மோட்டை மண் இல்மனைற் தாது கலந்த கறுப்பு மண். கையில் அள்ளினால் கை கீழே போகும். அங்கே பிறந்து வளர்ந்தவளுக்கு மண் என்றால் அந்தப் பாரம்தான். முதுகர் ஆற்று மண் கணக்கில், ரமணனிடம் இரவல் வாங்கிய பையை முக்கால்வாசி நிரப்பினார். ரமணனும் சாரதியும் சேர்ந்து தூக்கி அவர் முதுகில் மாட்டிவிட்டார்கள். "கொஞ்சம் பாரம்போல கிடக்கே சேர்" என்றான் ரமணன். "பட்டியைச் சரியாப் பூட்டினால் பாரம் தெரியாது" என்றார் முதுகர், கண் பிதுங்க.

கோணேசர் கோயிலுக்கு ஏறும் கோட்டைப் பாதையில் பரீட்சை. நாங்கள் பின்னால் நடந்தோம். கோட்டை வாசலில் நின்ற சிப்பாய் பையைத் திறந்து பார்த்துவிட்டு, கோயிலுக்குப் போகிறவருக்குக் கறுப்பு மண் எதற்கு என்று சிங்களத்தில் கேட்டான். முதுகர் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் இடுப்புப் பட்டியின் மகத்துவத்தை விளக்கத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால், சிப்பாய் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறான். முதுகர் நாடாவால் அவனுடைய முதுகை அளந்துகொண்டிருக்கிறார். இந்த ஊரில் அப்படியொரு காட்சியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

ஏற்றம் தொடங்கியதும் பை அவரைப் பின்னால் இழுத்தது. "பாரம் இடுப்பில இருந்தால்" என்று தொடங்கியவர், சொல்லி முடிக்கவில்லை. மெல்ல, மிக மரியாதையாக, பாதையோரத்தில் மல்லாந்துவிட்டார். பட்டி இறுகப் பூட்டியிருந்ததால் எழும்ப முடியவில்லை. எங்கிருந்தோ வந்த மான் ஒன்று, பையின் பக்கவாட்டில் செருகியிருந்த பிஸ்கட்டை உறையோடு இழுத்துச் சாப்பிட்டது. முதுகர் கிடந்த கிடையில் மானைப் பார்த்துக்கொண்டு, "பக்கத்துப் பொக்கற்றுக்கு சிப் வேணும்" என்றார்.

அதற்குப் பிறகு அவர் மலைப் பேச்சையே எடுக்கவில்லை. நாங்கள் பஸ் பேசினோம். முன் இருக்கை தேவியக்காவுக்கு. பக்கத்து இருக்கையை யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தோம். ஆனால் முதுகர் வருவார் என்று ஒருவருக்கும் நம்பிக்கையில்லை. புறப்படுவதற்கு முதல்நாள் கடைக்கார நானாவிடமிருந்து தொலைபேசி வந்தது.

"தங்கச்சி, சேர் பை வாங்கிட்டார்." என்ன பை என்று நான் கேட்பதற்குள் அவரே சொன்னார். "புதுசா வந்த பை. முன்னுக்குக் கதவு மாதிரித் திறக்கும். கைய விட்டுப் பார்த்தார். 'போகும்' எண்டார். எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல."

மறுநாள் முதுகர் வந்தார். முதுகில் புதுப் பை, தைத்துப் போட்டதுபோல அளவாக இருந்தது. ஒரு கையில் தேவியக்கா. மறுகையில் ஒரு சொப்பிங் பை. அதற்குள் அவருடைய சாரமும் துவாயும் ஸ்வெட்டரும். மலைக்குப் போகிறவன் கையில் பை தூக்கக்கூடாது என்று எங்களை வருடக்கணக்காக ஏசிய மனிதர். ரமணன் விடுவானா?

"இவ்வளவு பெரிய பாக் இருக்க, இதென்ன சேர் கையில?"

"அதுக்குள்ள இடமில்லை."

"அப்பிடி என்ன வைச்சிருக்கிறியள்?"

"தேவையானது."

தேவியக்காவுக்காக விடிந்த பிறகுதான் ஏறத் தொடங்கினோம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களுமாகப் படி நிறைந்திருந்தது. படி செங்குத்தாகிற இடத்தில் தேவியக்கா நின்றார். முழங்காலைப் பிடித்துக்கொண்டார். ஓரக் கட்டுகளிலெல்லாம் ஆட்கள். பழைய பாதி மலைதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது என்று முகத்தைப் பார்க்கவே விளங்கியது. "நான் திரும்பட்டே?" என்று மெதுவாகக் கேட்டார்.

முதுகர் இடுப்புப் பட்டியைக் கழற்றினார். பையை இறக்கி, கதவைத் திறந்தார். உள்ளே இருந்தது ஒரே ஒரு சாமான், ஒரு மடிக்கிற கதிரை. சின்ன ஸ்டூல் இல்லை. சாய்மானமும் கைபிடியும் உள்ள கதிரை. முழங்கால் நொந்தவருக்குத் தாழ்வான ஸ்டூலிலிருந்து எழும்புவது பெரும்பாடு. எங்கள் அலுவலக அலுமாரிக்குப் பின்னால் துணியில் சுற்றிக் கிடந்த இதை, உடைந்த குடை என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தோம். முதுகர் அதை விரித்து, ஆடாமல் படியில் வைத்து, ஒருதரம் கையால் அழுத்திப் பார்த்தார்.

"இரும்" என்றார்.

தேவியக்கா இருந்தார். இரண்டு கைபிடியையும் தடவிப் பார்த்தார். பிறகு, "இதையோ இவ்வளவு காலமும் கையை விட்டு அளந்துகொண்டு திரிஞ்சனீங்கள்?" என்று கேட்டார்.

முதுகர் பார்ப்பதற்கு அங்கே கலண்டர் இல்லை. மலையைப் பார்த்தார். "ஒரு பாக்குக்குள்ளயும் போகேல்லையே."

"வெளியில கட்டியிருக்கலாமே சேர்" என்றான் ரமணன்.

"சனத்துக்கு இடிக்கும்."

"கையில கொண்டு வந்திருக்கலாம்."

"பிறகு இவவை எப்பிடிப் பிடிக்கிறது?"

ரமணன் அந்தச் சொப்பிங் பையைத் தன் கையில் எடுத்துக்கொண்டான். பரீதா எப்போதோ அழத் தொடங்கியிருந்தாள்.

அதற்குப் பிறகு வளைவுக்கு வளைவு கதிரை விரிந்தது. தேவியக்கா எழும்பினால், கால் நொந்த வேறு யாராவது வந்து இருப்பார்கள். முதுகர் ஒருவரையும் மறுக்கவில்லை. அவர்கள் எழும்பும்போது முதுகை மட்டும் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். உச்சிக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. தேவியக்கா மணியை ஒருதரம் அடித்தார். பிறகு கயிற்றை முதுகரின் கையில் கொடுத்தார். அவரும் ஒருதரம் அடித்தார். அதற்கு மேல் அடிக்க அவருக்கும் உரிமை இல்லை.

இப்போது எனக்குக் கந்தளாயில் வேலை. முதுகர் ஓய்வு பெற்றுவிட்டார். திருகோணமலைக்கு வந்தால் அவர் வீட்டுக்குப் போகாமல் திரும்பமாட்டேன். விறாந்தையில் அந்தக் கதிரை விரித்தபடி கிடக்கும். தேவியக்கா அதில் இருந்துகொண்டு, உச்சியில் மணி அடித்த கதையை யாருக்காவது சொல்லிக்கொண்டிருப்பார். முதுகர் கதவடிக்கு வந்து என் முகத்தைப் பார்த்து, "ஆரெண்டு விளங்கேல்லையே" என்பார். நான் திரும்பி நிற்பேன். "இந்த ஊதாச் சனியனை இன்னும் எறியேல்லையோ பிள்ளை?" என்று பின்னாலிருந்து ஏச்சு விழும். என் முதுகுக்கு அளவான பை எது என்று எனக்கு நன்றாகத் தெரியும். அதை வாங்கிவிட்டால் அந்த ஏச்சு கிடைக்காமல் போய்விடுமே என்றுதான் இதையே மாட்டிக்கொண்டு திரிகிறேன்.