பத்திரம் அண்ணாச்சியின் வான்கோழி வேட்டை

உலகத்து ஆபத்துகள் எல்லாம் காலையில் எழுந்ததும் நேராகத் தன் வீட்டு விலாசத்தைத்தான் விசாரிக்கும் என்று நம்பிய ஒரே மனிதர் பத்திரம் அண்ணாச்சிதான். தொண்ணூறுகளின் நடுவில், டெக்சாஸ் மாநிலத்து இர்விங்கில், எங்கள் அபார்ட்மென்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தார். தீப்பிடித்தால் மாடியிலிருந்து இறங்க நேரமாகும் என்பதால் கீழ்த்தளம். அவருடைய சொந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. குப்பை கொட்டப் போகிறவரைக்கூடப் "பத்திரம்" என்று சொல்லித்தான் அனுப்புவார்.

பல்பு மாற்ற ஹெல்மெட் போடுவார். காரைத் துடைக்க உள்ளே ஏறினாலும் சீட் பெல்ட் மாட்டுவார். இப்படிப்பட்டவரின் ஒரே பொழுதுபோக்கு, துப்பாக்கியோடு காட்டுக்குள் போய் வான்கோழி வேட்டையாடுவது.

"நாலு சீசனாப் போறேன். ஒண்ணையும் சுட்டதில்ல" என்பார் பெருமையாக. "கோழிக்குப் பின்னால யாரும் நிக்காங்களான்னு பாக்கணும்லா? நான் பாத்து முடிக்கதுக்குள்ள அது போயிருது."

ஒரு வசந்த காலத்தில் என்னையும் துணைக்குக் கூப்பிட்டார். வேட்டைக் கதைகள் நிறையப் படித்தவன் நான். எந்தக் கதையிலும் கதை சொல்பவன் செத்ததில்லை என்ற தைரியத்தில் கிளம்பிவிட்டேன்.

அவரும் சில அமெரிக்கர்களும் சேர்ந்து குத்தகைக்கு எடுத்திருந்த காடு அது. யார் எந்த மரத்தடியில் இருக்கிறார் என்பது மற்றவருக்குத் தெரியாது. விடியுமுன் போய்ச் சேர்ந்தோம். காரை நிறுத்தியதும் டார்ச் அடித்து என்னைச் சோதனை போட்டார்.

"வான்கோழிச் சேவலுக்குத் தலை செவப்பு, வெள்ளை, நீலம். அந்த மூணு கலரும் ஒங்க மேல இருக்கப்படாது. பனியன் என்ன கலர்?"

"வெள்ளை. உள்ளதானே இருக்கு அண்ணாச்சி?"

"காலர்ல தெரியும். கழத்துங்க."

கழற்றினேன். முதல் நாளே அவர் கொடுத்திருந்த இலை வண்ணத் தொப்பியை வீட்டிலிருந்தே புருவம் வரை இழுத்து மாட்டியிருந்ததால், டார்ச் அதற்கு மேல் போகவில்லை.

நடக்கும்போது இருவருக்கும் ஆரஞ்சு நிற வெஸ்ட். தோளைவிட அகலமான ஒரு ஓக் மரம் கிடைத்ததும், கோழி மிரளாமலிருக்க வெஸ்டைக் கழற்றி வைத்துவிட்டு, முதுகு சாய்த்து உட்கார்ந்தோம். பின்னாலிருந்து வரும் குண்டை மரம் வாங்கிக்கொள்ளுமாம்.

"வேற ஆளு வந்தா அசையப்படாது. கையக் கிய்ய ஆட்டுனா கோழின்னு நெனச்சிருவான். வாயத் தொறந்து கத்தணும். மனுசன் சத்தம் கேக்கணும்."

"என்னன்னு கத்தறது?"

"உயிர் போற நேரத்துல டயலாக்கா எழுதிக் குடுப்பாவ?"

சின்ன மரப்பெட்டி ஒன்றை உரசிப் பெட்டைக் கோழி போலக் குரல் கொடுத்தார். எங்கோ ஒரு சேவல் பதில் சொல்லிவிட்டு அடங்கியது. பனியன் இல்லாத உடம்பில் குளிர் ஏறி, காதைப் பிடித்தது. தொப்பியைக் கழற்றிவிட்டு, பையிலிருந்த மஃப்ளரால் தலையையும் காதையும் சுற்றிக் கட்டிக்கொண்டேன். இருட்டில் மஃப்ளருக்கு நிறம் ஏது?

வெளிச்சம் பரவியது. எதிர்ப் புதருக்குள் சருகு நொறுங்கியது. நின்றது. மறுபடி நொறுங்கியது. யாரோ ஒரு காலை வைத்து, யோசித்து, மறு காலை வைக்கிறார்கள். அண்ணாச்சியின் பெட்டைக் குரலை நம்பி இன்னொரு வேட்டைக்காரர் எங்களை நோக்கிப் பதுங்கி வந்துகொண்டிருந்தார். இலைகளுக்கு நடுவே துப்பாக்கிக் குழலின் வட்ட வாய் தெரிந்தது.

அண்ணாச்சி மெல்ல என் பக்கம் கண்ணைத் திருப்பினார். அவர் முகம் வெளுத்தது.

மஃப்ளர் நீலம். அதற்குக் கீழே, புறப்படும்போது என் மனைவி "காட்டுக்குப் போறீங்க, சாமி துணை இருக்கட்டும்" என்று பட்டையாகப் பூசிவிட்ட விபூதி. நடுவில் அகலமாகக் குங்குமம். சேவலுக்கே இவ்வளவு பொருத்தமாக அமைந்திருக்காது.

குழல் உயர்ந்தது. கத்த வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. கை மட்டும் ஆட்டுவதற்குத் தானாக எழுந்தது. அண்ணாச்சி ஒரு கையால் அதை அமுக்கினார். மறு கை அறைந்தாற்போல் என் நெற்றியை மூடியது.

"ஏலே! யாருலே அது? ஆளு இருக்கோம்லே இங்கன!"

ஆபீஸில் இருமுவதைக்கூட ஆங்கிலத்தில் இருமுகிற மனிதர். காடே அதிர்ந்தது. குழல் சட்டென்று தரையைப் பார்த்தது. "ஓ மை காட்! சாரி! சாரி!" என்று புதரிலிருந்து ஒரு பெரிய உருவம் எழுந்தது. அவரையும் "பீ கேர்ஃபுல்" என்று சொல்லித்தான் அனுப்பினார் அண்ணாச்சி.

எனக்குக் குரல் திரும்பியதும் கேட்டேன். "அசையக் கூடாதுன்னு சொல்லிட்டு நீங்களே அசைஞ்சீங்களே? உள்ளங்கை குண்டைத் தடுக்குமா அண்ணாச்சி?"

"அது ஒங்களுக்குச் சொன்ன ரூலுவே" என்றபடி துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை எடுத்தார். பிறகு பச்சைக் கைக்குட்டையால் என் நெற்றியை அழுத்தித் துடைத்தார்.

காருக்கு வந்ததும் டாஷ்போர்டிலிருந்து ஒரு திருநீற்றுப் பொட்டலம் வெளியே வந்தது.

"நெத்தியக் காட்டுங்க. வெறும் நெத்தியாப் போனா வீட்டுல பயந்துருவாங்க."

மூன்று விரலால் பூசினார். துப்பாக்கிக்கு எதிரே ஆடாமல் நின்ற அந்தக் கை அப்போதுதான் நடுங்க ஆரம்பித்திருந்தது. பட்டை கோணலாக விழுந்தது. அன்று முழுக்க நான் முகம் கழுவவில்லை.